எறும்பின் கொட்டாவி

பக்கத்தின் அடியில் கொஞ்சம் இடம் காலியாகக் கிடந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதை எதைக்கொண்டு நிரப்புவது என்று சுலபம் யோசித்துக்கொண்டிருந்தார்.

சுலபம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பள்ளி ஆசிரியர்களுக்கென்று நடக்கும் அந்த மாதப் பத்திரிகையில் 'புதிய ஆய்வு, எளிய நடையில்' என்ற பக்கம் அவருடைய பொறுப்பு. எங்கேயோ யாரோ எலியையும் எரிமலையையும் ஆராய்ந்து, படித்தால் தலை சுற்றும்படி எழுதி வைத்துவிடுவார்கள். அதை இவர் பிரித்து, உதறி, மடித்து, ஓர் ஆசிரியர் மதிய இடைவேளையில் படித்துவிட்டுப் பிற்பகல் வகுப்பில் சொல்லும்படி ஆக்கித் தருவார். "சுலபமாச் சொல்லணும்னா" என்று தொடங்காமல் அவருக்குப் பேச வராது. அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

பேரில்தான் சுலபம். வேலையில் மனிதர் மகா கெடுபிடி. ஆய்வாளர் 'ஒருவேளை' என்று எழுதியிருந்தால் இவரும் 'ஒருவேளை' என்றுதான் எழுதுவார். இடம் போதவில்லையென்று பக்கம் அமைக்கும் பெண்மணி ஒரு 'ஒருவேளை'யை வெட்டிவிட்டால் அன்று முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசமாட்டார். இவ்வளவு நாணயமான பக்கத்தை யாராவது படிக்கிறார்களா என்பதுதான் தெரியவில்லை. வாசகர் கடிதம் என்று இதுவரை வந்தது ஒன்றே ஒன்று. பத்திரிகையைத் தைத்திருக்கும் கம்பி ஒருவருடைய விரலில் குத்திவிட்டதாம்.

அன்று காலைதான் பத்திராதிபர் கூப்பிட்டுவிட்டிருந்தார்.

"உங்க பக்கத்தைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"இன்னும் இல்ல சார்."

"நான் இந்த நாற்காலிக்கு வந்ததிலேர்ந்து இதையேதான் சொல்றீங்க. அடுத்த இதழ் வரைக்கும் பாப்போம். ஒரு ஆசிரியர், ஒரே ஒரு ஆசிரியர் இதைப் படிச்சாருன்னு காட்டுங்க. இல்லாட்டி அந்த இடத்துல குறுக்கெழுத்துப் போட்டி."

சுலபம் தலையை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த வயதில் வேறு எங்கே போய் நிற்பது என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, இத்தனை வருஷமாகக் கிணற்றுக்குள் தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தோமா என்பது. வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டு, ஆனால் வராமல், அதுவும் அவரைப்போலவே இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன சார், அந்த இடத்துக்கு ஏதாவது குடுக்கறீங்களா, இல்ல பூ படம் போட்டுடவா?" என்று கேட்டார் பக்கம் அமைக்கும் பெண்மணி.

"இருங்கம்மா. ஜனங்க எப்ப உக்காந்து கடிதம் எழுதுவாங்க, சொல்லுங்க."

"நல்லா இருந்தா எழுதமாட்டாங்க சார். தப்பா இருந்தா உடனே எழுதுவாங்க. எங்க குடியிருப்புல தண்ணி நிக்கிற தேதியைப் பலகையில தப்பா எழுதிட்டாங்க. அதுவரைக்கும் அந்தப் பலகையை யாருமே பாக்கறதில்லன்னு நெனச்சிருந்தோம். விடியறதுக்குள்ள வீட்டுக்கு ஒரு ஆள் வந்துட்டாங்க, தேதி தப்புன்னு சொல்ல."

அவர் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். சுலபத்தின் மண்டைக்குள் அது போய் உட்கார்ந்துகொண்டது.

அரை மணி நேரம் கழித்து அவர் எழுதினார்: 'எறும்புகளும் கொட்டாவி விடுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். வரிசையில் ஓர் எறும்பு கொட்டாவி விட்டால் பின்னால் வரும் எறும்புகளையும் அது தொற்றிக்கொள்கிறது.'

எங்கும் ஒரு 'ஒருவேளை' இல்லை.

அப்படி ஓர் ஆய்வும் இல்லை. எறும்புக்கு நுரையீரலே கிடையாது. உடம்பின் பக்கவாட்டில் உள்ள நுண்ணிய துளைகள் வழியாகத்தான் அதற்குக் காற்று போய் வருகிறது. அதன் வாய்க்கும் மூச்சுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. உயிரியல் சொல்லித்தரும் எந்த ஆசிரியரும் இதைப் படித்த மாத்திரத்தில் பேனாவை எடுத்துவிடுவார் என்று சுலபம் கணக்குப் போட்டார். கடிதங்கள் வந்து குவியும். அடுத்த மாதம் அத்தனையையும் போட்டு, 'விழிப்போடு இருந்த வாசகர்களுக்கு நன்றி' என்று உண்மையை விளக்கிவிட்டால் அதுவே ஒரு பாடமாகவும் ஆகிவிடும். தப்புச் செய்கிறவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் எப்போதுமே கச்சிதமாகத்தான் இருக்கும்.

"நல்லாருக்கே சார், எறும்பு கொட்டாவி," என்று சொல்லிப் பெண்மணி ஒரு கொட்டாவி விட்டார்.

இதழ் வந்த அன்று வழக்கம்போல ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். மறுநாள் அது அங்கே இல்லை. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் மனைவி ஜன்னல் துடைக்க எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அதற்காக அவர் வருத்தப்படுவதை நிறுத்தி நாளாகிவிட்டது.

கடிதம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அடுத்த வாரம் ஒரு தபால் வந்தது. உள்ளே மின்விசிறி விளம்பரம்.

உயிரியல் தெரிந்த ஒருவர்கூட இந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. நுரையீரல் இல்லாத பிராணி கொட்டாவி விடுகிறதென்று அச்சில் போட்டும் ஒரு மனிதர் எதிர்த்துக் கேட்கவில்லை. சுலபம் வீட்டுக்கு நடந்தே போனார். துக்க வீட்டிலிருந்து திரும்புகிறவர் போலச் செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார்.

சமையலறை மூலையில் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்பு. கையில் பூதக்கண்ணாடி. எதிரே தரையில் ஒரு சிட்டிகை சர்க்கரை.

"என்னம்மா பண்றே?"

"உஷ். வீட்டுப்பாடம்பா. எறும்பு எப்ப கொட்டாவி விடுதுன்னு பாத்து எழுதிட்டு வரணும்."

சுலபம் அப்படியே நின்றார். "யார் சொன்னா?"

"டீச்சர்தான். வகுப்புல எல்லாருக்கும் குடுத்திருக்காங்க."

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம், அதை மறைப்பானேன். ஓர் ஆசிரியர். ஒரே ஓர் ஆசிரியர். தன் பக்கத்தைப் படித்து, நம்பி, வகுப்பில் சொல்லி, வீட்டுப்பாடமாகவும் கொடுத்திருக்கிறார். இத்தனை வருஷம் இதற்காகத்தானே. அந்தச் சந்தோஷம் தொண்டைவரை வந்ததும் அங்கேயே நின்றுவிட்டது. உண்மையாக எழுதிய அத்தனை மாதங்களை விட்டுவிட்டு, அந்த ஆசிரியர் கையில் எடுத்துக்கொண்டது இந்த ஒரு பொய்யையா?

"எறும்பு கொட்டாவி விடாதும்மா," என்றார்.

மகள் பூதக்கண்ணாடியை இறக்கினாள். "ஏம்பா?"

"சுலபமாச் சொல்லணும்னா, அது வாயால மூச்சு விடறதில்ல. உடம்போட ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டித் துளை இருக்கு. அது வழியாத்தான் காத்து போகும்."

"அப்ப, அது பொய்யா?"

"பொய்னு சொல்லமுடியாது. தப்பு."

"யாரோட தப்பு?"

கேட்டது பதினொரு வயதுப் பெண். சுலபம் தரையிலிருந்த சர்க்கரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"எழுதினவங்க யாரோ கவனிக்காம எழுதிட்டாங்க போல. விடு."

மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சர்க்கரையைத் துடைத்து எடுத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் பசிக்கவில்லை என்றுதான் பதில் வந்தது.

"பிள்ளைய என்ன சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. வீட்டுப்பாடம் வீணாப்போச்சுன்னு கோவம்."

"நீங்க எதுல தலையிட்டாலும் அது வீணாத்தான் போகும். கைய கழுவிட்டு உக்காருங்க."

மறுநாள் பள்ளிக்குத் தொலைபேசினார். தலைமை ஆசிரியை எடுத்தார்.

"வணக்கம்மா. ஆறாம் வகுப்புல எறும்பு கொட்டாவின்னு ஒரு வீட்டுப்பாடம் குடுத்திருக்காங்களாம். அது தப்பான தகவல்."

"எங்க டீச்சர் ஆதாரம் இல்லாம எதையும் சொல்லமாட்டாங்க."

"ஆதாரமே தப்பும்மா."

"நீங்க யாரு பேசறது?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். "ஒரு பெற்றோர்," என்றார் சுலபம்.

"இப்பல்லாம் எல்லாப் பெற்றோருமே விஞ்ஞானிதான்," என்று அந்த அம்மாள் பெருமூச்சு விட்டார். "சார், ஒரு வீட்டுப்பாடத்துக்காகப் பெற்றோர் போன் பண்ணி விவாதம் பண்றது இந்தப் பள்ளியில இதுதான் முதல் தடவை. நாங்க எதிர்பாக்கறதே இந்த ஆர்வத்தைத்தான். ரொம்ப நன்றி. இதை ஆறாம் வகுப்போட விடக்கூடாது."

விடவில்லை. அன்று சாயங்காலம் மகள் கொண்டுவந்த அறிவிப்பில் பள்ளி முழுவதும் எறும்புக் கண்காட்சி என்று போட்டிருந்தது. எல்லா வகுப்புகளும் கலந்துகொள்ள வேண்டும். பரிசு உண்டு. அதை அப்பாவின் முன்னால் வைத்துவிட்டு அவள் அறைக்குள் போனாள்.

இனி ஒரே வழி, பத்திரிகையில் பிழைதிருத்தம் போடுவது. அடுத்த நாள் காலையிலேயே பத்திராதிபரின் அறைக்குப் போனார்.

"சார், போன இதழ்ல எறும்பு பத்தி நம்ம பக்கத்துல வந்ததை வச்சு ஒரு பள்ளிக்கூடத்துல..."

"என்ன, பாடம் நடத்தறாங்களா?"

"ஆமாம் சார். ஆனா..."

"பள்ளிக்கூடமே நடத்துதா?"

"கண்காட்சியே வைக்கறாங்க சார். ஆனா அது..."

பத்திராதிபர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். அந்த அறையில் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. "எனக்குத் தெரியும்யா, உம்மகிட்ட விஷயம் இருக்குன்னு. குறுக்கெழுத்தை நிறுத்தியாச்சு. அடுத்த இதழ்ல எறும்புதான் அட்டைப்படம். நாலு பக்கம் எழுதுங்க. எறும்பு எதுக்குக் கொட்டாவி விடுது, நாம அதுலேர்ந்து என்ன கத்துக்கலாம், எல்லாத்தையும் எழுதுங்க."

"சார், எறும்பு கொட்டாவியே விடாது. நான்தான் கற்பனையா எழுதினேன். யாராவது தப்புன்னு கடிதம் போடுவாங்கன்னு."

பத்திராதிபர் தன் நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

"போட்டாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப தப்புன்னு யாருமே சொல்லல."

"சொல்லலைங்கறதுக்காக அது உண்மையாயிடுமா சார்?"

"இன்னைக்கு ஒண்ணு சொல்லுவாங்க, நாளைக்கு மாத்திச் சொல்லுவாங்க, அதுதான் ஆராய்ச்சின்னு நீங்கதானே எழுதுவீங்க. பிழைதிருத்தம் போட்டா இருக்கற ஒரு பள்ளியும் கைவிட்டுப் போயிடும். போய் வேலையப் பாருங்க. கண்காட்சிக்கு நான் தலைமை விருந்தினரா வர்றேன்னு அவங்களுக்குச் சொல்லிடறேன்."

பரிசுப் பொருளோடு தானாக வந்து கேட்கும் தலைமை விருந்தினரை எந்தப் பள்ளிதான் வேண்டாம் என்று சொல்லும்?

கண்காட்சி அன்றும் வானம் மூடிக் கிடந்தது. கூடத்தில் விளக்கைப் போட்டிருந்தார்கள். சுவர் முழுக்கச் சார்ட்டுகள். சுலபம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒருத்தி வீட்டு எறும்புகள் காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் கொட்டாவி விட்டிருந்தன. வண்ணம் தீட்டிய வரைபடம் அதைத் தெளிவாகக் காட்டியது. இன்னொருத்தியின் கறுப்பு எறும்புகள் சிவப்பு எறும்புகளைவிடச் சோம்பேறிகள். எட்டாம் வகுப்பு அணி ஒன்று, கணக்குப் பாடம் நடக்கும்போது வகுப்பறை எறும்புகளிடம் கொட்டாவி கூடுகிறதென்று கண்டுபிடித்திருந்தது.

"இது எப்படிப் பாத்தே?" என்று அட்டவணை நிறைய எண்கள் எழுதியிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டார்.

"எங்க வீட்டு எறும்பு விடவே இல்ல அங்கிள். அதான் பக்கத்து வீட்டு அக்காவோட எறும்பைப் பாத்து எழுதினேன்."

"அவங்க வீட்டு எறும்பு விட்டுச்சா?"

"அவ என்னோடதைப் பாத்து எழுதினா."

பொய் ஒன்றுதான் எழுதினார். அது எத்தனை குட்டி போட்டிருக்கிறது என்று பார்த்தபோது சுலபத்துக்கு உடம்பு கூசியது. பிள்ளைகளுக்கு ஆராய்ச்சியைச் சொல்லித்தரப் புறப்பட்டு, இல்லாததைக் கண்டதாக எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்.

வரிசையின் கடைசியில் மகள் நின்றிருந்தாள். அவளுடைய சார்ட்டில் படம் இல்லை, வரைபடம் இல்லை, நடுவில் ஒரு வரி மட்டும்: 'பார்த்தேன். விடவில்லை.' கீழே நடுவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: 'கவனம் போதாது. மதிப்பெண் இல்லை.'

"அவர்கிட்ட ஏன்னு சொல்லலியா?" என்று கேட்டார்.

"என்னன்னு சொல்றது?" என்றாள் மகள். அவரைப் பார்க்காமல் சொன்னாள்.

மேடையில் தலைமை ஆசிரியை பேசிக்கொண்டிருந்தார். இது முழுக்க முழுக்க எங்கள் வகுப்பறையிலிருந்து எழுந்த முயற்சி என்றார். பத்திராதிபர் பத்திரிகையின் பெயர் வரும் வரும் என்று கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவில்லை. "பதட்டத்துல மறந்துட்டாங்க," என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னார்.

சுலபம் மேடையேறி ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்றார். யாரும் தடுக்கவில்லை. ஏதோ நன்றியுரை என்று நினைத்திருப்பார்கள்.

"சுலபமாச் சொல்லணும்னா," என்று தொடங்கினார். "எறும்பு கொட்டாவி விடாது. அப்படி எந்த ஆராய்ச்சியும் இல்ல. அதை எழுதினது நான். வேணும்னே எழுதினேன். எழுதறதை யாராவது படிக்கறாங்களான்னு தெரிஞ்சுக்கறதுக்காக. இந்தக் கூடத்துல இருக்கற சார்ட்டுல ஒண்ணுதான் சரி. அதுக்குத்தான் மதிப்பெண் இல்லன்னு போட்டிருக்கீங்க. எல்லாரும் மன்னிக்கணும்."

எண்களை எழுதியிருந்த பெண், பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தாள். நடுவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பத்திராதிபர் பரிசுக் கோப்பையை மேஜைமேல் வைத்துவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். சுலபத்தைத் தாண்டும்போது நின்று, "நாளைலேர்ந்து குறுக்கெழுத்து," என்றார். "அதையும் வேற ஆள் பாத்துக்கட்டும்."

"சரி சார்," என்றார் சுலபம். வேறு என்ன சொல்ல?

கூட்டம் கலைந்தது. பிள்ளைகள் சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை போயிற்று, பக்கம் போயிற்று, பெயரும் போயிற்று. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஆளைப் பார்த்தே ஆகவேண்டும் என்றிருந்தது அவருக்கு. விசாரித்துக்கொண்டு போனார். ஆறாம் வகுப்பு டீச்சர் வராந்தாவில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இளம்வயதுக்காரர், களைத்துப் போயிருந்தார். சற்றுத் தள்ளி மகள் பையை மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

சுலபம் கைகூப்பினார்.

"டீச்சர், மத்தவங்ககிட்ட பொதுவா மன்னிப்புக் கேட்டேன். உங்ககிட்ட தனியாக் கேக்கணும். இத்தனை வருஷத்துல என் பக்கத்தைப் படிச்ச ஒரே ஆசிரியர் நீங்கதான். எனக்குக் கிடைச்ச ஒரே வாசகர். உங்களைப் போய் ஏமாத்திட்டேன். இனிமே அந்தப் பத்திரிகை வந்தா..."

டீச்சர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் புரியாமல் பார்த்தார்.

"பத்திரிகையா? அப்படி எதுவும் எங்க பள்ளிக்கு வர்றதே இல்லையே சார். மாசாமாசம் உங்க பொண்ணுதான் வகுப்புல எழுந்து நின்னு, 'எங்கப்பா எழுதினது'ன்னு ஒரு வரி விடாம மனப்பாடமாச் சொல்லுவா."